ஆண்கள் அணியாத கவசமும் பெண்களுக்குக் கிடைக்காத ஊசியும்

 



சென்ற மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. மணவாள நகரில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்திருந்த வாரம் அது. நான் மிம்பரில் நின்று குத்பா ஓதிக்கொண்டிருக்கையில் முதல் ஸஃப்பில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் அடக்க முடியாமல் இருமிக்கொண்டேயிருந்தார். இருபுறமும் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களே தவிர, வாய் திறந்து எவரும் ஒன்றும் சொல்லவில்லை. தொழுகை முடிந்ததும் அருகில் அழைத்து விசாரித்தேன். "மாத்திரை போட்டுட்டேன் ஹஜ்ரத். ஜும்ஆவை விட முடியுமா?" என்றார். கைக்குட்டையை எடுப்பதற்காக அவர் ஜிப்பா பையில் கைவிட்டபோது, உறை பிரிக்காத முகக்கவசம் ஒன்றும் கூடவே வெளியே வந்தது. "மருமகள் வைத்து அனுப்பினாள்" என்று சிரித்தபடி அதை மீண்டும் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த மருமகளைப் பற்றியும், அந்த மாமனாரைப் பற்றியும்தான் இம்மாதக் கட்டுரை. தொற்றுநோய் பரவும் காலங்களில் பெண்கள் ஒரு விதமாகவும் ஆண்கள் வேறு விதமாகவும் நடந்துகொள்கிறார்கள். ஏதோ ஒரு வீட்டின் கதை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. உலகெங்கும் ஆய்வாளர்கள் எண்ணிக்கையோடு கண்டறிந்து எழுதி வைத்திருக்கும் செய்தி இது.

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த கெல்லி மோரன், சாரா டெல் வாலே என்ற இரு ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டு ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். மூச்சுவழிப் பரவும் கொள்ளைநோய்களின்போது மக்கள் எவ்வாறு நடந்துகொண்டார்கள் என்பது பற்றி அதுவரை வெளிவந்திருந்த 85 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். கை கழுவுதல், முகக்கவசம் அணிதல், நெரிசலான பேருந்து ரயில்களைத் தவிர்த்தல் போன்ற மருந்தில்லாப் பாதுகாப்புகளைக் கைக்கொள்ளும் வாய்ப்பு, ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ 50 விழுக்காடு அதிகம் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆனால் தடுப்பூசி, நோய்க்கிருமிக்கான மருந்து என்று வரும்போது நிலைமை தலைகீழாகிறது. அங்கே ஆண்களின் கை சற்றே ஓங்குகிறது. சுமார் 12 விழுக்காடு.

கொரோனா வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டது இது. நோய் வந்தபின் என்ன நடந்தது? 2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய எட்டு நாடுகளில் 21,649 பேரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. இது மிகக் கடுமையான நோய் என்று கருதிய பெண்கள் நூற்றுக்கு 59 பேர். ஆண்கள் 49 பேர்கூட இல்லை. விதிகளைக் கடைப்பிடிப்பதிலும் பெண்களே முந்தி நின்றார்கள். இந்த ஆய்வில் என் மனத்தைக் கவர்ந்த குறிப்பு ஒன்று உண்டு. கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் குடும்பங்களில் இந்த வேறுபாடு குறைந்து காணப்பட்டதாம். ஒருவருடைய கவனம் மற்றவரையும் தொற்றிக்கொள்கிறது போலும்! நோய்க்கு மட்டுமல்ல, எச்சரிக்கைக்கும் பரவும் தன்மை உண்டு என்று எண்ணிக்கொண்டேன்.

நம் மண்ணுக்கு வருவோம். தமிழக அரசு நாள்தோறும் வெளியிட்ட கொரோனா அறிக்கைகளைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். தொற்று உறுதியானவர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஆறு பேர் ஆண்களாகவே இருந்தார்கள். இறப்பில் இடைவெளி இன்னும் பெரிது. 2020 அக்டோபரில் ஒன்றிய சுகாதார அமைச்சகம் அளித்த கணக்கின்படி, அதுவரை இந்தியாவில் கொரோனாவால் இறந்தோரில் நூற்றுக்கு 70 பேர் ஆண்கள். தமிழகத்தில் மட்டும் அந்நோய்க்குப் பலியானவர்களாகப் பதிவு செய்யப்பட்டோர் ஏறத்தாழ 38 ஆயிரம் பேர். அவர்களில் எத்தனை பேர் வீட்டுக்கு ஒரே சம்பாத்தியக்காரர்களாக இருந்திருப்பார்கள்! எத்தனை பிள்ளைகள் எத்தீம்களாகியிருப்பார்கள்!

இந்த எண்ணிக்கைக்கு முகக்கவசம் அணியாமை ஒன்றே காரணம் என்று சொன்னால் அது நேர்மையன்று. கிருமியை எதிர்க்கும் ஆற்றலைப் பெண்களின் உடலில் இறைவன் சற்றுக் கூடுதலாகவே அமைத்திருக்கிறான் என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். புகையும் புகையிலையும் மற்றொரு காரணம். 2016-17ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்திய ஆண்களில் 42 விழுக்காட்டினரும் பெண்களில் 14 விழுக்காட்டினரும் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். அடுத்து, பிழைப்பு. ஊரடங்கிலும் வெளியே போயாக வேண்டியவர்களில் பெரும்பாலோர் ஆண்களே. 2020 மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையில் பரவிய தொற்று அங்கு மூட்டை தூக்கியவர்களையும் வியாபாரிகளையும் லாரி ஓட்டுநர்களையும் தாக்கி, அவர்கள் வழியாக மாவட்டம் மாவட்டமாகச் சென்றது. சந்தையை மூடிவிட்டு, காய்கறிக் கடைகளை நம் மாவட்டத்திலுள்ள திருமழிசைக்கு மாற்றினார்கள். அடுத்த மாதமே சென்னையோடு சேர்த்துத் திருவள்ளூர் மாவட்டத்தின் பல பகுதிகளும் ஜூன் 19 முதல் 30 வரை முழுமையாக அடைக்கப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. அன்றைய கூலியை விட்டால் அன்றைய அடுப்பு எரியாது என்ற நிலையில் வெளியே போனவரை நாம் குறை கூற மாட்டோம்.

நான் பேசுவது வெளியே போனதைப் பற்றியன்று. போனவர் எப்படிப் போனார் என்பதைப் பற்றியே. முகக்கவசம் இல்லாவிட்டால் 200 ரூபாய் அபராதம் என்று தமிழக அரசு 2020 செப்டம்பரில் விதித்தபோது, திருவள்ளூர் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் போலீசாரைக் கண்டதும் தாடையிலிருந்து மூக்குக்கு ஏறிய கவசங்கள் எத்தனை! போலீசாரைக் கடந்ததும் இறங்கியவை எத்தனை! ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகள் மணவாள நகரில் நின்று போவதை நாள்தோறும் காண்கிறோம். அந்நாட்களில் அவற்றில் ஏறிய பெண்பிள்ளைகள் துப்பட்டாவுக்குள் கவசமும் கைப்பையில் கிருமிநாசினிக் குப்பியுமாக ஏறினார்கள். அதே நேரத்தில் பக்கத்து டீக்கடையில் நம் இளைஞர்கள் தோளோடு தோள் உரசி, ஒரே தம்ளரை அலசி அலசிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். புறநகர் ரயில்கள் பல மாத இடைவெளிக்குப்பின் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, நெரிசல் இல்லாத நேரங்களில் முதலில் பெண்களையே அனுமதித்தது தெற்கு ரயில்வே. அது 2020 நவம்பர் இறுதியில். ஆண்களுக்கு மேலும் ஒரு மாதம் காத்திருப்பு. ரயில்வே என்ன நினைத்துச் செய்ததோ, "பெண்களை நம்பலாம், நம்மை நம்ப முடியாது என்கிறார்கள்" என்று நம் மஹல்லாவாசி ஒருவர் வேடிக்கையாகச் சொன்னது என் காதில் இன்னும் ஒலிக்கிறது.

இதில் எனக்கு விளங்காத புதிர் ஒன்று உண்டு. அதே இளைஞர்கள்தாம் அந்நாட்களில் ஜாதி மதம் பாராமல் ஜனாஸாக்களைச் சுமந்தார்கள். உற்றாரே தொட அஞ்சிய உடல்களை, தமுமுக போன்ற நம் அமைப்புகளின் தொண்டர்கள் அவரவர் மார்க்க முறைப்படி அடக்கமும் தகனமும் செய்து கொடுத்தார்கள். தலை முதல் கால் வரை பாதுகாப்பு உடையணிந்து, வேர்வையில் நனைந்து, ஒரு சிறு விதியையும் மீறாமல் அந்தப் பணியை நிறைவேற்றினார்கள். கபர்ஸ்தானிலிருந்து திரும்பி உடையைக் களைந்ததும், சற்று நேரத்தில் அதே டீக்கடை! பிறருக்கான கடமை என்று வந்தால் ஆண் எவ்வளவு துன்பத்தையும் பொறுத்துக்கொள்கிறான். தன்னைக் காத்துக்கொள் என்றால் அதைக் கோழைத்தனமாக எண்ணுகிறான். நோய்க்குமுன் மார்பை நிமிர்த்தி நிற்பது வீரமன்று என்பதை அவனுக்கு யார் எடுத்துச் சொல்வது?

ஒரு பெண்ணின் கீழ்ப்படிதல்

இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தமது முவத்தாவில், ஹஜ் பற்றிய பகுதியில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார்கள். தொழுநோயுற்ற ஒரு பெண்மணி கஅபாவைத் தவாஃப் செய்துகொண்டிருந்தார். அவரைக் கண்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், மக்களுக்குத் துன்பம் தராமல் அவர் வீட்டிலேயே இருந்தால் நன்றாயிருக்குமே என்று மென்மையாக எடுத்துரைத்தார்கள். அவரும் வீடு சென்று அமர்ந்துவிட்டார். காலம் கழிந்தது. உமர் (ரலி) அவர்கள் ஷஹீதானபின் ஒருவர் அப்பெண்மணியிடம் வந்து, உம்மைத் தடுத்தவர் மறைந்துவிட்டார், இனி நீர் வெளியே வரலாம் என்றார். அவர் உயிரோடிருக்கும்போது கீழ்ப்படிந்துவிட்டு, இறந்தபின் மாறு செய்பவள் நானல்லள் என்று அவர் மறுத்துவிட்டார்.

சிந்தித்துப் பாருங்கள். அவரைக் கண்காணிக்க எவரும் இல்லை; 200 ரூபாய் அபராதமும் இல்லை. தவாஃபோ எந்த முஃமினின் உள்ளமும் ஏங்கும் அமல். ஆயினும் தன் அமலைவிடப் பிறருடைய நலன் முக்கியம் என்று வீட்டில் அமர்ந்தார். ஜும்ஆவை விட முடியுமா என்று கேட்ட நம் பெரியவருக்கு அன்று நான் இந்த நிகழ்ச்சியைத்தான் சொன்னேன். நோயாளிக்கு ஜும்ஆவில் சலுகை உண்டு என்பது ஃபிக்ஹ் நூல்கள் எல்லாம் சொல்லும் சட்டம். மழையும் சேறுமாக இருந்த ஒரு ஜும்ஆ நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் பாங்கிலேயே, வீடுகளில் தொழுதுகொள்ளுமாறு அறிவிக்கச் செய்தார்கள் என்பது ஸஹீஹான செய்தி. பச்சைப் பூண்டும் வெங்காயமும் உண்டவர் பள்ளிக்கு வர வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்ததற்கு, அவற்றின் வாடையால் பிறருக்கு ஏற்படும் துன்பமே காரணம். வெங்காய வாடைக்கே இந்த ஒழுங்கு என்றால், பக்கத்தில் நிற்கும் சர்க்கரை நோயாளியைப் படுக்கையில் தள்ளிவிடக்கூடிய இருமலுக்கு என்ன ஒழுங்கு?

தவக்குல் என்ற சொல்லை நம்மில் சிலர் தவறான இடத்தில் பயன்படுத்துகிறார்கள். அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைத்திருக்கிறேன், எனக்குக் கவசம் எதற்கு என்று என்னிடம் கேட்டவர்கள் ஏராளம். அவர்கள் எல்லாரும் ஆண்களே என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டுமாறு நபியவர்கள் சொன்ன ஹதீஸைக் குழந்தைகளும் மனப்பாடமாகச் சொல்லும். ஆனால் கட்ட வேண்டிய கயிறு கையில் இருக்கும்போதுதான் நமக்கு அது மறந்துவிடுகிறது. கொள்ளைநோய் பரவிய ஷாம் தேசத்திற்குள் நுழையாமல் உமர் (ரலி) அவர்கள் ஸர்ஃக் என்ற இடத்திலிருந்து படையோடு திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்ற கருத்தில் அன்னார் விடையளித்தார்கள். உமரைவிடத் தைரியசாலி நம்மில் யார்?

ஹாஃபிழ் இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்களை, புகாரிக்கு விரிவுரை எழுதியவர் என்ற முறையில் மதரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். கொள்ளைநோயைப் பற்றி அவர்கள் தனி நூலே எழுதியிருப்பது பலருக்குத் தெரியாது. அதில் ஹிஜ்ரி 833ஆம் ஆண்டு கெய்ரோவில் தாம் கண்டதைக் குறித்துவைத்திருக்கிறார்கள். நாளொன்றுக்கு இறப்பு நாற்பதுக்கும் குறைவாக இருந்த நேரத்தில், மக்கள் மூன்று நாள் நோன்பு நோற்று, பாலைவெளியில் பெருங்கூட்டமாகத் திரண்டு துஆ செய்து திரும்பினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நுண்கிருமி என்ற ஒன்றை எவரும் அறியாத காலம் அது. இருந்தும், கண்டதைக் கண்டபடி எழுதிவைத்தார்கள் அந்த மேதை.

கூட்டத்தின் விளைவைப் பற்றி நம் தமிழகத்திலிருந்தே ஒரு கணக்கு உண்டு. 2020இல் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் 84,965 நோயாளிகளையும் அவர்களோடு பழகிய 5,75,071 பேரையும் பற்றிச் சுகாதாரத் துறையினர் திரட்டிய விவரங்களை ஆராய்ந்து, அமெரிக்காவின் சயன்ஸ் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். நோயுற்றவர்களில் 71 விழுக்காட்டினர் வேறு எவருக்கும் நோயைக் கொடுத்ததாகக் கண்டறியப்படவில்லை. வெறும் 8 விழுக்காட்டினரிடமிருந்தே புதிய தொற்றுகளில் 60 விழுக்காடு பரவியிருந்தது. அந்த எட்டுப் பேரில் ஒருவர் நாமா இல்லையா என்பது நமக்கே தெரியாது. நெருக்கமான இடத்தில் உரத்துப் பேசுபவர், ஓதுபவர், இருமுபவர் ஆகியோரிடமிருந்தே கிருமி அதிகமாக வெளியேறுகிறது.

ஓதுபவர் என்று எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது. காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

2021 ஏப்ரல் 14ஆம் நாள் ரமலான் பிறந்தது. முந்தைய ஆண்டு ரமலான் முழுவதும் பள்ளிகள் அடைபட்டுத் தராவீஹை வீட்டிலேயே தொழுத ஏக்கத்தில் மக்கள் ஆர்வமாக வந்தார்கள். இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்தது. இடைவெளி விட்டு நின்றோம், கவசமும் அணிந்தோம். ஆனால் இருபது ரக்அத் ஓதுகையில் எனக்கு மூச்சு முட்டியது. மூன்றாம் நாள் கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுத் தொழவைத்தேன். "நீங்க இறக்கினா பின்னால நிக்கிறவங்களும் இறக்கிடுவாங்க. வீட்ல ஓதிப் பழகிட்டுப் போங்களேன்" என்று என் மனைவி சொன்னார். நான் கேட்கவில்லை. ஆறாம் நாள் ஸலாம் கொடுத்துத் திரும்பிப் பார்த்தபோது பாதிப் பேரின் கவசம் தாடையில் இருந்தது. ஏப்ரல் 26 முதல் வழிபாட்டுத் தலங்களில் பொதுமக்களுக்கு அனுமதியில்லை என்று அரசு அறிவித்தது. அதற்கு அடுத்த வாரம் எங்கள் முஸல்லி ஒருவர், ஐம்பது வயதைக்கூட எட்டாதவர், மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்குப் போனார். உடல்தான் திரும்பி வந்தது.

அவருக்கு நோய் எங்கே தொற்றியது என்பதை அல்லாஹ்வே அறிவான். தொழிற்சாலையாக இருக்கலாம், பேருந்தாக இருக்கலாம், பள்ளிவாசலாகவும் இருக்கலாம். இத்தா முடிந்து சில நாட்களில் அவருடைய மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தவர், கவசம் போட்டுப் போங்கள் என்று தாம் வாசல் வரை வந்து வற்புறுத்தியதையும், 'ஹஜ்ரத்தே போடலை, எனக்கு என்ன?' என்று அவர் சொல்லிவிட்டுப் போனதையும் சொன்னாராம். குறை சொல்லும் தொனியில் அவர் அதைச் சொல்லவில்லை என்று என் மனைவி கூறினார். எனக்கோ அதுவே அதிகமாகச் சுட்டது. இரண்டு வீடுகளில் இரண்டு பெண்கள் ஒரே சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள்; இரண்டு ஆண்கள் கேட்கவில்லை. அவர்களில் ஒருவன் இன்று உங்களுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறான்.

கை இறங்கிய ஜும்ஆ

ஆண்களைப் பற்றி இவ்வளவு சொன்னபின், மற்றொரு பக்கத்தையும் புரட்டத்தான் வேண்டும். அந்த 2016ஆம் ஆண்டு ஆய்வில் ஊசி, மருந்து விஷயத்தில் பெண்கள் பின்தங்கியதைக் குறிப்பிட்டேன் அல்லவா? நம் நாட்டிலும் அதுவே நிகழ்ந்தது. 2021 ஜனவரி 16இல் தொடங்கிய தடுப்பூசி இயக்கத்தில், அவ்வாண்டின் நடுப்பகுதி வரை ஊசி பெற்ற ஆண்களைவிடப் பெண்களின் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்திருந்தது. கேரளம் போன்ற சில மாநிலங்கள் மட்டுமே விலக்கு. பெண்கள் அஞ்சியதால் மட்டும் இவ்வாறு நேர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

ஜூலையில் பள்ளிகள் மீண்டும் திறந்தபின் ஒரு ஜும்ஆவில், தொழுகை முடிந்ததும் மக்களை அமரச் சொல்லிக் கேட்டேன்: ஒரு ஊசியாவது போட்டவர்கள் கையுயர்த்துங்கள். பெரும்பாலான கைகள் உயர்ந்தன. வேலை செய்யும் இடத்திலேயே முகாம் போட்டிருந்தார்கள். போடாமல் உள்ளே விடமாட்டோம் என்ற இடங்களும் உண்டு. மனைவிக்குப் போட்டவர்கள் மட்டும் கையை அப்படியே வைத்திருங்கள் என்றேன். மளமளவென்று கைகள் இறங்கின. தாயாருக்கு என்று கேட்டபோது இன்னும் சில இறங்கின.

காரணம் கேட்டேன். அவள் வீட்டைவிட்டு எங்கே போகிறாள் என்றார் ஒருவர். வீட்டைவிட்டுப் போகாதவளுக்கு நோயைக் கொண்டுவந்து கொடுப்பவர் தாமே என்பது அவருக்குத் தோன்றவில்லை! இரண்டு நாள் காய்ச்சல் வந்து படுத்தால் சமைப்பது யார் என்றார் மற்றொருவர்; இதை வெளிப்படையாகச் சொன்ன அவருடைய நேர்மையைப் பாராட்டுகிறேன். முன்பதிவுக்குச் செல்பேசி வேண்டும். 2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தாமே பயன்படுத்தும் செல்பேசி வைத்திருந்த பெண்கள் 54 விழுக்காட்டினர் மட்டுமே. முகாமில் ஊசி போடுபவர் ஆணாக இருந்தால் கையை எப்படிக் காட்டுவது என்ற கூச்சம் நம் பெண்களுக்கு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊசி போட்டால் குழந்தை பிறக்காது, மாதவிலக்கு நின்றுபோகும் என்ற வதந்திகள் வாட்ஸ்அப் வழியே வீடுதோறும் புகுந்திருந்தன. மலட்டுத்தன்மை ஏற்படும் என்பதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை என்று ஒன்றிய சுகாதார அமைச்சகம் பலமுறை விளக்கியது. அந்த விளக்கத்தை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர்கள் யார்? அன்று என் முன்னால் அமர்ந்திருந்தவர்கள்தாம். பெண்கள் ஜும்ஆவுக்கு வருவதில்லை. நான் மிம்பரில் சொல்வது கணவன், மகன், சகோதரன் வாய்வழியாகவே அவர்களிடம் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. வழியிலேயே அது நின்றுவிடுகிறது.

கர்ப்பிணிகளின் நிலை மேலும் இரக்கத்திற்குரியது. தொடக்கத்தில் அவர்களுக்கு ஊசி அனுமதிக்கப்படவில்லை. இரண்டாம் அலையின் கொடுமையெல்லாம் முடிந்தபின், 2021 ஜூலை 2ஆம் நாள்தான் அனுமதி வந்தது. வந்தபின்னும் மாமியாரும் கணவரும் வேண்டாம் என்றால் அந்தப் பெண் என்ன செய்வாள்? மேலே குறிப்பிட்ட இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் மூத்த மகள் ஜைன் காத்தூன், அதே ஹிஜ்ரி 833ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் கர்ப்பிணியாக இருந்த நிலையில் இறந்தார். அவருக்குமுன் வேறு இரு மகள்களையும் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். அந்த நூலைப் படிக்கும்போது ஓர் ஆலிமின் ஆராய்ச்சியை மட்டுமா படிக்கிறோம்?

நூறு ஆண்டுகளுக்கு முன் நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். 1918ஆம் ஆண்டு இன்ஃப்ளுயன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கொரோனாவில் ஆண்கள் அதிகமாக இறந்தார்கள் என்று கண்டோம். அந்தக் கொள்ளைநோயிலோ இந்தியாவில் பெண்களின் இறப்பு விகிதமே அதிகமாயிருந்தது. வீட்டில் நோயுற்ற எல்லாருக்கும் பணிவிடை செய்தவள் அவள்; இருக்கும் சோற்றில் கடைசியில் உண்டவளும் அவளே. அவளுக்கு நோய் வந்தபோது பார்க்க ஆளில்லை. வரலாற்றாய்வாளர்கள் காட்டும் காரணங்களில் இவையும் அடங்கும். ஆக, பெண்ணின் உடல் நோயை எதிர்க்கும் என்று நாம் கவலையற்று இருக்க முடியாது. எவ்வளவு கை கழுவினாலும், அவளுக்கு உணவும் ஓய்வும் ஊசியும் மறுக்கப்பட்டால் அந்த எச்சரிக்கை அவளைக் காப்பாற்றுவதில்லை.

2021 செப்டம்பர் 12இல் தமிழகம் முழுவதும் மாபெரும் தடுப்பூசி முகாம்கள் தொடங்கின. ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டார்கள். அதையொட்டி எங்கள் ஜமாஅத் நிர்வாகிகள் சுகாதார நிலையத்தில் பேசி, மதரஸாக் கூடத்தில் பெண்களுக்கென்றே ஒரு முகாமுக்கு ஏற்பாடு செய்தார்கள். திரை கட்டி, பெண் செவிலியர்களே ஊசி போட்டார்கள். ஊசி போடாமல் நாள் கடத்திக்கொண்டிருந்தவர்களில் பலர் காலை பத்து மணிக்கே வரிசையில் நின்றார்கள். அச்சம் என்று நாம் பெயர் வைத்திருந்தது பாதிக்குமேல் வாய்ப்பின்மைதான் என்று அன்று எனக்குப் புரிந்தது. பக்கத்துத் தெருவைச் சேர்ந்த மாற்றுமதச் சகோதரிகளும் வந்து போட்டுச் சென்றார்கள். வரிசையில் கடைசியாக நின்ற ஒரு மூதாட்டி, "இதை முதல்லயே இங்க வெச்சிருந்தா முதல்லயே வந்திருப்போமே தம்பி" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

ஹுதைபியா உடன்படிக்கையின் நாளை நினைவுகூருங்கள். உம்ரா செய்யாமல் திரும்ப வேண்டியதாயிற்றே என்ற வேதனையில் ஸஹாபாக்கள் உறைந்திருந்தார்கள். குர்பானிப் பிராணிகளை அறுத்துத் தலைமுடி களையுமாறு நபியவர்கள் மும்முறை சொல்லியும் எவரும் எழவில்லை. வருத்தத்தோடு கூடாரத்துக்குள் வந்த நபியவர்களுக்கு அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: எவரிடமும் பேச வேண்டாம், வெளியே சென்று தாங்களே தங்கள் பிராணியை அறுத்து, முடி களைபவரை அழைத்துக் களைந்துகொள்ளுங்கள். அவ்வாறே செய்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஸஹாபாக்கள் அனைவரும் எழுந்து அப்படியே செய்தார்கள். அல்லாஹ்வின் தூதர் தம் துணைவியின் ஆலோசனையைக் கேட்டு நடந்தார்கள். அதுவும் எத்தகைய ஆலோசனை! சொல்லிப் பார்த்தது போதும், செய்து காட்டுங்கள் என்ற ஆலோசனை. மணவாள நகரின் ஒரு வீட்டில் எனக்குச் சொல்லப்பட்டதும் ஏறக்குறைய இதுதான். நான்தான் ஹுதைபியாவைக் கிதாபில் மட்டும் படித்திருந்தேன்.

கொரோனா உலகளாவிய நெருக்கடி நிலையில் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் நாள் அறிவித்துவிட்டது. ஆனால் காய்ச்சல்கள் நம்மை விட்டுப் போய்விடவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருகின்றன. அடுத்த பெருநோய் எப்போது என்பது அல்லாஹ்வின் ஞானத்தில் உள்ளது. ஆகவே எங்கள் பள்ளியில் இப்போது செய்துவரும் சிலவற்றைச் சொல்கிறேன். உங்கள் மஹல்லாவிலும் செய்ய முடியுமானால் செய்யுங்கள். காய்ச்சலும் இருமலும் உள்ளவர்கள் வீட்டிலேயே தொழுதுகொள்ளும் சட்டத்தை, நோய் பரவும் வாரங்களில் ஜும்ஆவுக்கு முந்தைய பயானில் தவறாமல் சொல்கிறோம். உளூச் செய்யும் இடத்தில் சோப்பு வைத்திருக்கிறோம். அது அடிக்கடி காணாமற்போகிறது, நாங்களும் அடிக்கடி வாங்கி வைக்கிறோம். மாதம் ஒரு ஞாயிறு அஸருக்குப்பின் நடக்கும் பெண்கள் பயானில் சுகாதாரத்துறைப் பெண் ஊழியர் ஒருவரைக் கால் மணி நேரம் பேசச் சொல்கிறோம். சகோதரிகள் தம் ஐயங்களைக் கணவர் வழியாக அல்லாமல் அவரிடம் நேரடியாகவே கேட்டுக்கொள்கிறார்கள்.

அந்தப் பெரியவர் மூன்று வாரம் வீட்டில் தொழுதுவிட்டு நான்காம் வாரம் வந்தார். இருமல் முற்றிலும் நிற்கவில்லை. கடைசி ஸஃப்பில், ஜன்னலோரமாக, கவசம் அணிந்து உட்கார்ந்திருந்தார். மருமகள்தான் அந்த இடத்தில் உட்காரச் சொன்னாள் என்றார்.